அரை அங்குலம்

திருத்தணி மலைக்கு வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் உண்டென்பது நேயர்கள் அறிந்ததே. ஆனால் அந்தப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறியவர்களில் இருவர் ஒரே கணக்கைச் சொல்லி நாம் கேட்டதில்லை. ஒருவர் 361 என்பார். அவரோடு கூடவே ஏறிய மைத்துனர் 370 என்பார். மண்டபத்தில் உட்கார்ந்து இளைப்பாறும் சமயத்தில் இருவருக்கும் தர்க்கம் நடக்கும். இதற்காக முருகப் பெருமான் எவரையும் தரிசனம் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை. பக்தி விஷயத்தில் நாலு படி முன்பின் ஆனாலும் பாதகமில்லை.

இந்த வாரம் நாம் எழுதப் புகுந்த விஷயமோ அத்தனை தாராளமானதல்ல. இதில் ஒரு மயிரிழை பிசகினாலும் வீட்டில் இரண்டு தலைமுறைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

திருத்தணிக்கு மேற்கே ஆர்.கே.பேட்டை என்றோர் ஊர். ஆந்திர எல்லை அதற்கு வெகு சமீபம். இந்தப் பிரதேசம் முழுவதுமே 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி எல்லை மாற்றத்தின்போது சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே கடைத்தெருவில் ஒரே பேரத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர்களை இன்றும் காணலாம். ஊரில் நெசவுதான் பிரதானம். தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிகளின் 'டக டக' ஓசை இரு பக்கமும் காதை அடைக்கும். அந்த ஓசையையும் மீறிச் சில சமயம் வானத்திலிருந்து ஓர் உறுமல் கேட்கும். அரக்கோணத்தில் 1992-ஆம் வருஷம் முதல் நம் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இருந்து வருகிறதல்லவா? அங்கிருந்து கிளம்பும் விமானமாக இருக்கும். தறியில் நிற்பவர்கள் தலை நிமிர்வதில்லை. குழந்தைகள் மட்டும் திண்ணைக்கு ஓடி வருவார்கள்.

நாம் போயிருந்த வீட்டில் குழந்தைகளோடு ஒரு கிழவரும் திண்ணைக்கு ஓடி வந்தார். வயது 77. கண்ணில் புரை எடுத்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். விமானம் மறைகிற வரையில் பார்த்துவிட்டு, "இது ப்ரொபெல்லர் இல்லே, ஜெட்டு. ரெண்டு இஞ்சின்" என்று நமக்குத் தெரிவித்தார். பெரியவர் 1968-ஆம் வருஷம் இருபது வயதில் பெங்களூர் சென்று, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே உழைத்து ஓய்வு பெற்று, சொந்த ஊரில் மகனுடைய தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து தங்கியவர். ஆரம்பத்தில் எட்டு வருஷம் அவர் கைபட்டதெல்லாம் 'நாட்' என்னும் சின்னஞ்சிறு சண்டை விமானம்.

'நாட்' என்றால் ஆங்கிலத்தில் கொசுவைப் போன்ற ஒரு பூச்சி. பெயருக்கு ஏற்ற உருவம். மற்றத் தேசத்தார் சண்டை விமானங்களை வருஷத்துக்கு வருஷம் பெரிதாக்கிக்கொண்டே போன காலத்தில், பெட்டர் என்ற ஆங்கிலேய நிபுணர், 'எதற்கு இவ்வளவு கனம்? சிறியதாக, லேசாக, மலிவாகச் செய்தால் பறக்காதா?' என்று கேட்டு, 1955-ல் இதைப் பறக்கவும் விட்டார். அவருடைய நாட்டு விமானப் படை இதைச் சண்டைக்கு என்று வாங்கவில்லை. நாம் வாங்கினோம், 1956-ஆம் வருஷத்திலேயே நம் தேசத்தில் செய்வதற்கு உரிமையும் பெற்றோம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 22 அடி 1 அங்குலம். தரையிலிருந்து வால் உச்சி 8 அடிக்குச் சற்று மேல். நடுத்தரமான ஒரு கல்யாண வீட்டுக் கூடத்தில், பந்திக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிறுத்தி வைக்கலாம்! இந்தக் கொசுதான் 1965 யுத்தத்தில் 'சேபர் கொல்லி' என்று பெயர் வாங்கியது. 1971-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரில் ஆறு சேபர்கள் வந்து தாக்கியபோது, நிர்மல் ஜித் சிங் செக்கோன் என்ற இளைஞர் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து கிளம்பிப் போய் எதிர்த்துப் போராடி உயிர் நீத்ததும் இதில்தான். நம் விமானப் படையினரில் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

நிற்க. பெரியவருடைய பேரன் ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறான். பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி. செக்கோன் ஓட்டிய விமானத்தின் உருவம் ஒன்றைச் செய்து வைக்கிறேன் என்று வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். சேர்த்து வைத்திருந்த காசைப் போட்டுத் தபாலில் ஒரு பெட்டியும் தருவித்தான். பெட்டியின்மேல் 'நாட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஒட்டி முடித்து, தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் கண் சரியாகத் தெரியாமல், கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். மூக்கிலிருந்து வால் வரை ஒரு முறை, வாலிலிருந்து மூக்கு வரை ஒரு முறை.

"இது நாங்க செஞ்சது இல்லேடா" என்றார்.

"பெட்டியிலே போட்டிருக்கே, தாத்தா!"

"போட்டிருக்கட்டும். இதிலே ரெண்டு பேர் உட்கார்றான் பாரு. நம்முதுலே ஒத்தை ஆளு."

விஷயம் இதுதான். ஆங்கிலேயர்கள் சண்டை நாட்டை வேண்டாமென்று சொன்னாலும், பிற்பாடு அதையே கொஞ்சம் நீட்டி, இரண்டு பேர் உட்காரும்படி செய்து, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய 'சிவப்பு அம்புகள்' என்ற வேடிக்கைக் குழு 1965 முதல் 1979 வரையில் அதைத்தான் ஓட்டியது. உலகமெங்கும் சிறுவர்கள் பார்த்து மயங்கியது அந்தச் சிவப்பு விமானத்தை. ஆகவே பெட்டிக்குள் வருவதும் பெரும்பாலும் அதுவே. இதில் பெட்டிக்காரர்மேல் குற்றமில்லை. ஆனால் அதன்மேல் நம் மூவர்ண வட்டத்தை ஒட்டி, செக்கோன் பெயரை எழுதிப் பள்ளிக்கூடத்து மேஜையில் வைத்தால், அது வேறொருவர் முகத்துக்குக் கீழே நம் தகப்பனார் பெயரை எழுதி மாட்டுவதுபோல் ஆகும்.

வித்தியாசம் எவ்வளவு என்று பையன் கணக்குப் போட்டான். பயிற்சி விமானத்தின் நீளம் 31 அடி 9 அங்குலம். சண்டை விமானம் 28 அடி 8 அங்குலம். மூன்று அடி ஓர் அங்குலம் அதிகம். அதை 72-ஆல் வகுத்தால் அரை அங்குலம். இறக்கையோ 24 அடிக்கு 22 அடி 1 அங்குலம். சிறிய உருவத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் குறைவு. பெரியவர் கை, புத்தகம் எதுவும் இல்லாமல், கண்டுபிடித்தது இந்த அரை அங்குலத்தை!

இந்த 72 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று சில நேயர்கள் கேட்கலாம். ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாவான் என்பதே கணக்கு. இங்கிலாந்தில் 1930-க்குப் பிறகு விற்க ஆரம்பித்த மரப் பொம்மை விமானங்களும், 1936-ல் வந்த முதல் பிளாஸ்டிக் பெட்டிகளும் இந்த அளவையே எடுத்துக்கொண்டன.

"பொம்மைதானே ஐயா! அரை அங்குலத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. நம் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மை கிருஷ்ணனைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கிறது. அவருடைய கடையில் உள்ள பூசணிக்காய் செட்டியாரின் தலையைவிடச் சிறியது. யாரும் ஆட்சேபிப்பதில்லை. மரப்பாச்சிக்கு மூக்கு இருக்கிறதா இல்லையா என்று குழந்தைகளும் கவலைப்படுவதில்லை. இது வாஸ்தவம். ஆனால் அதே தேசத்தில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதியைப் போய்ப் பாருங்கள். உத்தம தச தாலத்தில் ஒரு மூர்த்தியைச் செய்வதென்றால் உயரத்தை 124 பங்காக்கி, இன்ன அங்கத்துக்கு இத்தனை பங்கு என்று ஓலை நறுக்கில் மடித்துக் குறித்துக்கொண்டு, அப்புறந்தான் மெழுகில் கை வைப்பார். கொலுப் பொம்மையும் நம்முடையதுதான், விக்கிரகமும் நம்முடையதுதான். எது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் சண்டையில்லை. தாத்தா, பேரன் இருவருடைய தகராறும் இதைப் பற்றியதே. பேரன் கொலு வைக்க நினைத்தான். தாத்தா பிரதிஷ்டை செய்ய நினைத்தார்.

உயிர் போகிற அளவுக்கு இந்த உருவப் பிசகு முக்கியமாக இருந்த காலமும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படையார் 1942-ஆம் வருஷத் தொடக்கத்தில் தங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். ஐம்பது தினுசு விமானங்களின் மர உருவங்கள், மொத்தம் ஐந்து லட்சம் வேண்டும் என்று. அளவு அதே எழுபத்திரண்டில் ஒன்று. மேலே கறுப்பு வர்ணம். வேறு அலங்காரம் கூடாது. பீரங்கிக்காரன் தூரத்தில் ஒரு கறுப்பு நிழலைக் கண்டதும், அது சிநேகிதனா சத்துருவா என்று ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டுமே! அந்தப் பயிற்சிக்காக இவை. பையன்கள் செதுக்கி அனுப்பிய உருவங்களை அட்டையில் வெட்டிய அச்சுகளை வைத்துச் சோதித்தார்கள். இறக்கை நுனி கொஞ்சம் அதிகம் வளைந்தாலும் தள்ளிவிட்டார்கள். தவறான பொம்மையில் பழகிய கண், சொந்தப் படை விமானத்தையே சுட்டுத் தள்ளும் அல்லவா?

ஆர்.கே.பேட்டையில் அந்த அபாயம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வேலை அதே முறையில்தான் நடந்தது. அட்டைக்குப் பஞ்சமில்லை. சேலைக் கரைக்குப் பூவேலை செய்யும் ஜக்கார்டு இயந்திரத்துக்கு வைத்திருந்த துளையிடாத அட்டைகள் கொட்டகையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. பையனுடைய தகப்பனார் கட்டம் போட்ட காகிதத்தில் பூவை வரைந்து, கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்குப் பண்ணுகிறவர். ஆகவே ஒரு படத்தைக் கட்டம் பிரித்துச் சிறியதாக்குவது அந்த வீட்டாருக்குப் புதிய வித்தையல்ல.

முதல் இடைஞ்சல் படத்திலேயே வந்தது. பையன் தன் செல்போனில் தேடி மூன்று வரைபடங்கள் எடுத்திருந்தான். இறக்கை அளவை மூன்றிலும் ஒன்றாக்கிவிட்டு நீளத்தை அளந்தால், மூன்றும் மூன்று விதம்! அச்சிட்டுக் கொடுத்த செராக்ஸ் கடைக்காரரின் இயந்திரமும் தன் பங்குக்குக் காகிதத்தை ஒரு பக்கமாக இழுத்துவிட்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. படத்தின் ஓரத்தில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, இரண்டும் சரியாக 100 மில்லிமீட்டர் இருக்கும்படி போட்டுவிட்டு அச்சிட வேண்டும். வந்த காகிதத்தில் இரண்டையும் அளந்தால் இயந்திரத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு பிசகு என்றால் சொற்பமாகத் தோன்றும். 121 மில்லிமீட்டர் உருவத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம்.

அப்புறம் இறக்கை. பையன் அவசரக்காரன். நுனியில் இரு பக்கமும் நாலு நாலு மில்லிமீட்டரை ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டான். நீளம் சரியாகிவிட்டது; இறக்கை மட்டும் கத்தரித்த வால்போல் மொண்ணையாக நின்றது. சண்டை விமானத்தின் இறக்கை நீளத்தில் மட்டும் குறைந்ததல்ல, அகலத்திலும் குறைந்தது. ஒன்றின் பரப்பு 175 சதுர அடி, மற்றது 136.6 சதுர அடி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு உருவத்தில் மொத்தமாக ஒரு சதுர அங்குலத்துக்குச் சற்று மேலே எடுத்தாக வேண்டும். அதில் உடலுக்குள் மறையும் பகுதியும் சேர்த்தி. நுனியில் அறுத்தது போதாமல் பின் ஓரம் நெடுகிலும் அரத்தால் ராவினார்கள். ராவியதும் அந்த ஓரம் சப்பாத்திப் பலகை மாதிரி தடிமனாகிவிட்டது. அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து வெற்றிலை ஓரம்போல் மெலிதாக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. மேல்பக்கத்தைத் தொடக் கூடாது என்பது பெரியவர் கட்டளை. இறக்கையின் வளைவு மேலே இருக்கிறது. அது போனால் எல்லாம் போயிற்று.

இந்த இடத்தில் அவருடைய ஞாபகம் ஒரு வரைபடத்தையே தோற்கடித்தது. படத்தில் இறக்கையின் வெளிப்புறத்தில் 'எய்லரான்' என்னும் மடக்குப் பலகை போட்டிருந்தது. "தப்பு. நம்முதுலே அது உடம்புக்குப் பக்கத்திலே. சக்கரத்தைக் கீழே விட்டா அதுவும் சேர்ந்து தொங்கும், ப்ளாப்புக்குப் பதில் அதுதான்" என்றார். பேரன் நம்பவில்லை. பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தான். தாத்தா சொன்னதே சரி. வரைந்தவர் பயிற்சி விமானத்தைப் பார்த்துச் சண்டை விமானத்துக்கு வரைந்துவிட்டார். பெரியவருக்கு அன்று இரவு ஒரு தோசை அதிகம் இறங்கியதாகக் கேள்வி.

மூக்கை ஒட்டுப்போட்டுச் சரிப்படுத்த வழியில்லை. காற்று உள்ளே புகும் வாய்களுக்கு முன்னால் உள்ள பகுதியை அப்படியே அறுத்து எறிந்துவிட்டு, ஆசாரியிடம் வாங்கிய தேக்குத் துண்டில் புதிதாகச் செதுக்குவதென்று முடிவாயிற்று. ஒரு வடிவத்துக்கு மூன்று வளைவு உண்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று, மேலிருந்து பார்த்தால் ஒன்று, வெள்ளரிக்காயைப்போல் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் ஒன்று. முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது பிசகிவிட்டால், படத்தில் சரியாகவும் கையில் தப்பாகவும் இருக்கும். பெரும்பாலான பொம்மை விமானங்கள் கெடுவது இந்த மூன்றாவதில்தான் என்பது நம் அபிப்பிராயம். கட்டையில் முதலில் பக்கத்து வளைவை வெட்டினார்கள். பிறகு மேல் வளைவு. அப்போது அது மூலை மூலையாக ஒரு செங்கல்போல் இருக்கும். நாலு இடங்களில் குறுக்கு வடிவத்தைப் பாதிப் பாதியாக ஜக்கார்டு அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்துக்கொண்டே மூலைகளை மழித்தார்கள். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே விளக்கு வெளிச்சம் தெரிந்தால், எங்கே தெரியவில்லையோ அங்கே மரம் மிச்சம் என்று அர்த்தம். சில இடத்தில் அதிகமாகச் செதுக்கிப் பள்ளமாகிவிட்டது. அங்கே எம்-சீல் பட்டி வைத்து, மறுநாள் இறுகின பிறகு ராவினார்கள். அவசரப்பட்டு வேறு பட்டி வைத்தால் காய்ந்ததும் சுருங்கிப் பள்ளம் மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதற்குப் பெரியவர் செய்த காரியம் நமக்கு வெகு ரசமாக இருந்தது. கண்ணாடி பீரோவுக்கு எதிரே கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னார். நேரில் பார்த்துப் பழகிய கண் கோணலை மன்னித்துவிடும். கண்ணாடியில் இடம் வலமாக மாறியதும் கோணல் பளிச்சென்று தெரியும். சந்தேகமிருந்தால் நேயர்கள் தங்கள் முகத்தின் புகைப்படத்தையும் கண்ணாடியையும் ஒத்துப் பார்க்கலாம். விளைவுக்கு நாம் பொறுப்பல்ல.

இனி அந்தத் தகராறு. விமானி உட்காரும் இடத்தின்மேல் கண்ணாடி மூடி ஒன்று உண்டு. அதன் உயரம் எவ்வளவு? "தட்டையா இருக்கும், இவ்வளவுதான்" என்று பெரியவர் விரலை மடித்துக் காட்டினார். பேரனோ ஒரு பொருட்காட்சிச் சாலையில் யாரோ எடுத்திருந்த புகைப்படத்தைக் காட்டி, "நல்லா உப்பலா இருக்கு பாருங்க தாத்தா" என்றான்.

"எட்டு வருஷம் கண்ணாலே பார்த்தவன் நான். நீ போன்லே பார்த்துட்டுச் சொல்றே."

"போன்லே இருக்கிறது போட்டோ, தாத்தா. அது பொய் சொல்லாது."

அதற்குமேல் பேச்சு நின்றுவிட்டது. மூன்று நாள் சாமான்களெல்லாம் மேஜைமேல் அப்படியே கிடந்தன. நாம் போய்ச் சேர்ந்தது அந்த மூன்றாம் நாள். பெரியவர் நம்மைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, மெதுவாக, "எனக்கு மறதி வந்துடுச்சுன்னு பையன் நினைக்கிறான், சார். கண்ணும் இப்படி ஆச்சு. அந்த விமானம்கூட ஞாபகம் இல்லேன்னா, அப்புறம் நான் அங்கே இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். நமக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை.

புகைப்படம் பொய் சொல்லாது என்று பையன் சொன்னது சரியல்ல என்பதை மட்டும் அவனிடம் சொன்னோம். கணக்கு இதோ: மூக்குக்குப் பத்தடி எதிரே நின்று படம் எடுத்தால், வால் 38 அடிக்கு அப்பால் இருக்கிறது. கிட்டே உள்ள மூக்கு, தூரத்து வாலோடு பார்க்கையில் கிட்டத்தட்ட நாலு மடங்கு பெரிதாக விழும். அதே விமானத்தை 300 அடி தூரத்திலிருந்து எடுத்தால் வித்தியாசம் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆகவே அளவெடுப்பதற்கு அழகான படம் உதவாது. வெகு தூரத்திலிருந்து, நேர் பக்கவாட்டில் எடுத்த மங்கலான படமே உத்தமம். பொருட்காட்சிச் சாலையில் கூட்டத்தினிடையே எவ்வளவு பின்னால் போக முடியும்? எடுத்தவர் இறக்கைக்கடியில் நின்று அண்ணாந்து எடுத்திருந்தார். மூடி உப்பித் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

பையன் கெட்டிக்காரன். இதைக் கேட்டவுடன் அவனுக்கு இன்னொன்றும் தோன்றியது. "தாத்தா, நீங்க எங்கே நின்னு வேலை செய்வீங்க?" என்று கேட்டான். மூன்று நாளுக்குப் பிறகு அவரோடு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"இறக்கைப் பக்கம் ஒரு ஸ்டாண்டு போட்டிருப்பாங்க. அதுமேலே நின்னு குனிஞ்சு அடிக்கணும்."

அவ்வளவுதான். மேலிருந்து குனிந்து பார்த்தவருக்கு மூடி தட்டை. கீழிருந்து அண்ணாந்து பார்த்தவருக்கு உப்பல். இருவரும் கண்டதைக் கண்டபடி சொன்னவர்கள். பிறகு ஓடுபாதையின் மறு கரையிலிருந்து எடுத்தாற்போன்ற பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதில் விமானத்தின் முழு நீளத்தை அளந்து, அந்த விகிதப்படி மூடியின் உயரத்தைக் கணக்கிட்டதில், விடை இருவர் சொன்னதற்கும் நடுவே விழுந்தது. கொஞ்சம் தாத்தாவின் பக்கமாக. பெரியவர் கையை நீட்டி உப்புத்தாளை வாங்கிக்கொண்டார்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது பேச்சு 'மாருத'த்தின்மேல் சென்றது. நாட் பிறர் வரைந்து நாம் செய்தது. மாருதமோ இந்த மண்ணிலேயே வரைந்து செய்த முதல் ஜெட் சண்டை விமானம். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசாங்கத்தாரின் துணையோடு பெங்களூரில் ஆரம்பித்த அதே தொழிற்சாலையில்தான் அதுவும் உருவாயிற்று. ஜெர்மனியில் பேர்பெற்ற விமான நிபுணராயிருந்த குர்ட் டாங்க் 1956-ல் இங்கே வந்து நம் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அதை வரைந்தார். ஜெட் விமானம் வரைந்து பழக்கமில்லாத தேசம். வரைந்த வடிவம் சரியா தப்பா என்று எப்படிப் பார்ப்பது?

அவர்கள் செய்ததும் ஒரு பொம்மைதான். ஆனால் எழுபத்திரண்டில் ஒரு பங்கல்ல, ஒன்றுக்கு ஒன்று! இறக்கையின் வளைவு, வால், மடக்குப் பலகைகள் எல்லாம் அசல் அளவில், முழுவதும் மரத்தால், இயந்திரமே இல்லாத இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் செய்தார்கள். 'எக்ஸ்-241' என்பது அதன் பெயர். டகோடா விமானம் ஒன்று அதைக் கயிற்றில் கட்டி ஆகாயத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடும். அது வழுக்கிக்கொண்டு இறங்கும். 1959-ஆம் வருஷம் மார்ச் 21-ஆம் தேதி முதல் இப்படி 78 தடவை பறந்தது. கடைசியில் முன் சக்கரம் இறங்க மறுத்து, தரையில் மோதிச் சேதப்பட்டது. அதற்குள் வடிவம் தேறிவிட்டது. 1961 ஜூன் 17-ஆம் தேதி, சுரஞ்சன் தாஸ் ஓட்ட, உலோக மாருதம் வானில் ஏறியது.

வடிவத்தில் குறை சொன்னவர் எவருமில்லை. குறை வயிற்றுக்குள் இருந்தது. அந்த உடலுக்கு என்று எண்ணியிருந்த பலமான இயந்திரத்தை ஆங்கிலேயக் கம்பெனியார் பாதியில் கைவிட்டார்கள். அதை முடிப்பதற்கு வேண்டிய பணத்தை நம் சர்க்கார் தரவில்லை. நாட்டுக்குள் ஒன்றாக இருந்த அதே 'ஆர்பியஸ்' இனத்து இயந்திரங்களில் இரண்டை வைத்து ஓட்டினார்கள். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தை உத்தேசித்து வரைந்த உடல், அதற்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. அரை அங்குலப் பிசகைக் கண்டுபிடிக்க முழு மர விமானம் கட்டிப் பார்த்தவர்கள், இயந்திர விஷயத்தில் அயலார் கையை நம்பி உட்கார்ந்தது நமக்கு இன்றும் ஜீரணமாகாத சங்கதி. 147 மாருதங்கள் செய்தார்கள். 1971 யுத்தத்தில் ராஜஸ்தான எல்லையில் அவை நன்றாகவே வேலை செய்தன. இயந்திரத்துக்குப் பலம் கூட்டிப் பார்த்த மாருதம் ஒன்றில் 1970 ஜனவரி 10-ஆம் தேதி சுரஞ்சன் தாஸ் மாண்டார். அந்தத் தேதியை நாம் சொல்லவில்லை. உப்புத்தாளை நிறுத்தாமலே பெரியவர் சொன்னார்.

மாருதம் ஒன்று பெங்களூரில் விசுவேசுவரய்யா பொருட்காட்சிச் சாலையில் நிற்கிறது. இன்னொன்று தொழிற்சாலையின் சொந்தப் பொருட்காட்சிச் சாலையில். மற்றொன்று ஜெர்மனிக்கே போய், மூனிச் நகருக்கருகே ஷ்லைஸ்ஹைமில் இருக்கிறது. அடுத்த லீவில் பெங்களூர் போய் அளவுநாடாவோடு பார்ப்பதென்று பேரன் தீர்மானித்திருக்கிறான். எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பின்னால் போய்ப் படம் எடுப்பானாம்.

சாயங்காலம் மூடி பொருந்திவிட்டது. காற்று வாய்களின் இரு பக்கமும் பீரங்கிக் குழாய்களுக்கு ஊசியால் துளை போட்டார்கள். பயிற்சி விமானத்துக்கு அவை கிடையா. உருவம் முழுவதற்கும் சாம்பல் வர்ணம் ஒரு பூச்சு அடித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரே நிறமானதும் ஒளிந்திருந்த கீறல்களும் மேடுகளும் நிழலோடு வெளிப்பட்டன. மூக்கும் உடலும் சேருமிடத்தில் ஒரு மேடு. பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து வால் வரை ஒரு முறை தடவினார். மேட்டில் விரல் நின்றது. இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொன்னார். மறுபடியும் தடவினார்.

"ம்" என்றார்.

இனி மேல் வர்ணம் பாக்கி. 1971 டிசம்பரில் ஸ்ரீநகரில் இருந்த நாட்கள் தொழிற்சாலையிலிருந்து போன வெள்ளி நிறத்திலேயே இருந்தனவா, மேலே வேறு நிறம் அடித்திருந்தார்களா என்று பேரன் கேட்டான். பெரியவர் ஒன்று சொன்னார். அவன் செல்போனை எடுத்தான். நமக்குத் திருத்தணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.